தீப்பொறி எங்கே தடைப்பட்டது? - வளைகுடா வெப்பத்தில் நடுவழியில் நின்றுவிடும் பழைய வாகனங்கள்

வளைகுடா நாடுகளின் கோடை மனிதரை மாத்திரமன்றி இயந்திரங்களையும் சோதனைக்கு உள்ளாக்குகின்றது. குவைத்தின் மிற்றிபா என்னுமிடத்தில் 2016 ஆம் ஆண்டு யூலை 21 ஆம் திகதி பதிவான 53.9 பாகை செல்சியஸ் வெப்பநிலையை உலக வானிலை அமைப்பு விரிவாக ஆராய்ந்து 2019 இல் ஏற்றுக்கொண்டது. அது நிழலில் அளவிடப்பட்ட காற்றின் வெப்பம். வெயிலில் ஓடிவந்து நிறுத்தப்பட்ட வாகனத்தின் பொனற்றுக்குக் கீழே நிலவும் வெப்பம் அதனிலும் மிக அதிகம். அந்த அடுப்புக்குள்தான் பற்றரியும் கொயிலும் டிஸ்ரிபியூட்டரும் நெருக்கமாக அமைந்துள்ளன.

டுபாய், சார்ஜா, அபுதாபி, தோகா, மஸ்கற் ஆகிய நகரங்களில் பழைய வாகனம் வைத்திருக்கும் எம்மவர்களுக்குப் பழகிய காட்சி ஒன்றுண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி வீதிச் சமிக்ஞை விளக்கில் தரித்ததும் மூச்சடங்கிப் போகின்றது. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கின்றது; ஆனால் பற்றவில்லை. முக்கால் மணி நேரம் கழிந்ததும், யாரும் எதுவும் செய்யாமலேயே, மறுபடியும் ஓடத் தொடங்குகின்றது. மறுநாள் கராஜுக்குக் கொண்டு சென்றால் கோளாறு தலைகாட்டுவதில்லை. ஆகவே ஊகத்தின் பேரில் வேலை தொடங்குகின்றது. பிளக்குகள் மாற்றப்படும். பெற்றோல் பம் மாற்றப்படும். காபரேற்றர் கழற்றிக் கழுவப்படும். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி இவ்வாறு கரைந்த பின்னரும், அடுத்த வாரம் அதே வெயிலில் அதே போன்று வண்டி நின்றுவிடும்.

இந்த வீண்செலவைத் தவிர்க்கும் வழி எளிமையானது. எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னர் தீப்பொறி வருகின்றதா என்று பார்க்க வேண்டும். அதுவும் வண்டி பற்ற மறுத்து நிற்கும் அந்த வேளையிலேயே பார்க்க வேண்டும். குளிர்ந்த பின்னர் செய்யப்படும் சோதனை, காய்ச்சல் விட்ட பின்னர் நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதற்குச் சமமானது.

ஒரே அறிகுறி, இரண்டு நோய்கள்

வெப்பத்தில் நின்று, குளிர்ந்ததும் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது எரிபொருள் சார்ந்தது. காபரேற்றர் பொருத்திய பழைய எஞ்சின்களில், பெற்றோல் குழாயிலும் பம்பிலும் உள்ள பெற்றோல் கொதித்து ஆவியாகி விடுகின்றது. பம் திரவத்தைத் தள்ளுவதற்காக அமைக்கப்பட்டது. ஆவியை அதனால் சரிவரத் தள்ள இயலாது. பம்பின் மீது ஈரத்துணி போர்த்தும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

இரண்டாவது மின்சாரம் சார்ந்தது. தீப்பொறியை உண்டாக்கும் மின்னணுப் பாகம் சூடேறிச் செயலிழந்து விடுகின்றது. குளிர்ந்ததும் அது மீண்டும் உயிர் பெறுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றும். பம்பின் மீது ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் இரண்டாவது கோளாறும் தற்காலிகமாக மறைந்துவிடும். ஏனெனில் காத்திருந்த நேரத்தில் மின்னணுப் பாகமும் குளிர்ந்துவிடுகின்றது. ஈரத்துணிதான் குணப்படுத்தியது என்று சாரதி நம்பிவிடுவார். மெக்கானிக்கும் பெற்றோல் பக்கமே தேடுவார். இங்கேதான் பணம் வீணாகின்றது.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரேயொரு சோதனை போதும். நின்ற வண்டியில் தீப்பொறி வந்தால் எரிபொருளைத் தேடுக. வராவிட்டால் மின்சாரத்தைத் தேடுக.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

எமது மண்ணில் தொழில் பழகிய மெக்கானிக்குகளுக்கு இந்த ஒழுங்கு புதியதன்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை உயிர்ப்பிப்பதற்கு மாத்திரம் சில துளி பெற்றோல் காபரேற்றருக்குள் விடப்பட்டது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குள் அது முழுமையாக எரியாமல் பிளக்கின் முனையில் கரியாகப் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கொயிலிலிருந்து வரும் மின்சாரம் பிளக்கின் இடைவெளியைப் பாய்ந்து கடக்காமல், கரியின் வழியே நழுவி எர்த்துக்குச் சென்றுவிடும். கொயில் நன்றாக இருக்கும், வயர்கள் நன்றாக இருக்கும். ஆயினும் வண்டி பற்றாது. எரிபொருளா, தீப்பொறியா என்ற கேள்வி அக்காலத்தில் ஒவ்வொரு காலையிலும் எழுந்தது. பாகங்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி அங்கிருக்கவில்லை. புதிய பாகங்களும் பற்றரிகளும் கிடைப்பது அரிது. ஆகவே எங்கே பழுது என்று கண்டறிந்த பின்னரே கை வைக்க வேண்டியிருந்தது.

வளைகுடாவில் நிலைமை நேர்மாறானது. சார்ஜாவின் கைத்தொழிற் பகுதியில் பழைய வாகனங்களின் பாகங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. அபுதாபியின் முசபாவிலும் குவைத்தின் சுவைக்கிலும் தேடினால் கிடைக்காத பாகம் குறைவு. இந்தச் செழிப்பே சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தேய்த்துவிட்டது எனலாம். பாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, யோசிப்பதை விட மாற்றிப் பார்ப்பது எளிதாகத் தோன்றுகின்றது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் வண்டியின் சொந்தக்காரர்.

தீப்பொறி செல்லும் பாதை

கோளாறைத் தேடுபவர் முதலில் தீப்பொறியின் பாதையை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றறிங் வடிவமைத்து, 1910 இல் கடிலாக் கார்களில் இடம்பெற்ற பற்றரிப் பற்றவைப்பு முறையே பின்வந்த பெற்றோல் கார்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் திறப்புச் சுவிச்சின் வழியாகக் கொயிலின் முதற் சுற்றுக்குள் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ற் திறந்ததும் அந்த மின்சாரம் திடீரென்று அறுகின்றது. காந்தப் புலம் குலைகின்றது. அக்கணத்தில், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் 15,000 முதல் 25,000 வோல்ற் வரையான மின்னழுத்தம் பிறக்கின்றது. இது தடித்த வயரின் வழியே டிஸ்ரிபியூட்டர் மூடிக்குச் சென்று, சுழலும் றோட்டரினால் ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே பகிர்ந்தளிக்கப்படுகின்றது.

எழுபதுகளில் பொயின்றின் இடத்தை மின்னணுச் சுவிச்சு பிடிக்கத் தொடங்கிற்று. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1975 ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் இதனைப் பரவலாகப் பொருத்தியது. ஜப்பானிய நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பிக்அப் எனும் சிறிய உணரி சைகை கொடுக்க, இக்னைட்டர் அல்லது மொடியூல் எனப்படும் மின்னணுப் பாகம் கொயிலின் மின்சாரத்தை அறுக்கின்றது. பொயின்ற் தேய்ந்துபோகும் தொல்லை நீங்கிற்று. ஆனால் வெப்பத்திற்கு அஞ்சும் பாகம் ஒன்று எஞ்சினுக்கு அருகில் வந்து சேர்ந்தது.

பாதை நீளமானதாயினும் அதனை இரண்டாகப் பிரிக்கலாம். பற்றரியிலிருந்து கொயில் வரை குறைந்த மின்னழுத்தம். கொயிலிலிருந்து பிளக் வரை உயர்ந்த மின்னழுத்தம். கோளாறு எந்தப் பாதியில் உள்ளது என்று அறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்ணால் பார்த்து முடிப்பவை

கருவியை எடுப்பதற்கு முன் சில விடயங்களை வெறுங் கண்ணால் பார்க்கலாம். பற்றரியின் முனைகளில் வெண்பொடி பூத்திருக்கின்றதா? எஞ்சினையும் உடற்பாகத்தையும் இணைக்கும் எர்த் பட்டி உப்புக் காற்றில் அரித்துப் போயுள்ளதா? பியூஸ் எரிந்துள்ளதா? பின்னர் பொருத்தப்பட்ட திருட்டு எச்சரிக்கைக் கருவி ஏதேனும் உண்டா? கொயிலுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் றிலே ஒன்றை இத்தகைய கருவிகளோடு இணைப்பதுண்டு. அந்த றிலே பழுதானால் நல்ல வண்டியும் நின்றுவிடும்.

வளைகுடாவின் வெப்பம் பற்றரிகளின் ஆயுளைக் குறைக்கின்றது. எஞ்சினைச் சுழற்றும் வேளையில் பற்றரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்குமானால், எஞ்சின் சுழன்றாலும் வலுவான தீப்பொறி கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே பற்றரியைச் சோதிக்காமல் கொயிலைக் குறை கூறலாகாது.

டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, மற்றொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லி, றோட்டர் சுழல்கின்றதா என்று பார்ப்பது அடுத்த படி. எஞ்சின் சுழன்றும் றோட்டர் அசையாவிட்டால், மின்சாரத்தைத் தேடிப் பயனில்லை. எஞ்சினுக்குள் உள்ள பெல்ற் அல்லது செயின் அறுந்திருக்கலாம். டிஸ்ரிபியூட்டரைச் சுழற்றும் பற்சில்லு உடைந்திருக்கலாம். அந்நிலையில் மேலும் சுழற்றுவது எஞ்சினுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.

தீப்பொறியைச் சோதித்தல்

பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, அதில் நல்ல பழைய பிளக் ஒன்றைச் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினுடன் உறுதியாக இணைத்துவிட்டு எஞ்சினைச் சுழற்ற வேண்டும். நீலநிறமான, சடசடவென்று ஒலிக்கும் பொறி நன்று. மெலிந்த மஞ்சட் பொறி ஐயத்திற்குரியது. திறந்த காற்றில் பாயும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட வாயுவிலும் பாயும் என்பதற்கு உறுதியில்லை. அழுத்தம் கூடக்கூடப் பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். ஆகவே ஏறத்தாழ 6 அல்லது 7 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட சோதனைக் கருவியைப் பயன்படுத்துவது சிறந்தது.

இங்கு எச்சரிக்கை தேவை. வயரை வெறுங் கையால் பிடிக்கலாகாது. இருதய முடுக்கி பொருத்தியவர்கள் இந்த வேலைக்கு அருகிலும் செல்லக்கூடாது. பெற்றோல் கசிவோ ஆவியோ உள்ள இடத்தில் பொறி உண்டாக்குவது தீ விபத்தில் முடியும். தடித்த வயரை எர்த்துடன் இணைக்காமல் அந்தரத்தில் விட்டு எஞ்சினைச் சுழற்றினால், வெளியேற வழியின்றி அவ்வுயர் மின்னழுத்தம் கொயிலையோ இக்னைட்டரையோ துளைத்துவிடும். ஒரு கோளாறைத் தேடப் போய் மற்றொன்றை உண்டாக்கியவர்கள் பலர்.

பிளக்கில் பொறி இல்லையெனில், கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் வயரில் அதே சோதனையைச் செய்ய வேண்டும். அங்கே பொறி உண்டு, பிளக்கில் இல்லை என்றால், பழுது மூடியிலோ றோட்டரிலோ பிளக் வயர்களிலோ உள்ளது. கொயில் வயரிலும் பொறி இல்லையெனில் முதற் பாதியைத் தேட வேண்டும். சில ரொயோட்டா வண்டிகளிலும் பல அமெரிக்கக் கார்களிலும் கொயில் டிஸ்ரிபியூட்டரோடு ஒன்றாகவே அமைந்திருப்பதனால் இந்த நடு வயர் இராது. அவற்றில் மூடியைக் கழற்றியே பார்க்க வேண்டும்.

சோதனை விளக்கு சொல்லும் செய்தி

முதற் பாதியைத் தேடுவதற்குச் சில திர்ஹம் விலையுள்ள 12 வோல்ற் சோதனை விளக்கு போதும். அதன் ஒரு முனையை எர்த்துடன் இணைத்து, மறுமுனையால் கொயிலின் நேர்முனையைத் தொட வேண்டும். திறப்பு போடப்பட்ட நிலையில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் திறப்புச் சுவிச்சு, பியூஸ், இடைப்பட்ட வயர் ஆகியவற்றில் ஒன்று பழுது.

எஞ்சினைச் சுழற்றும்போதும் அது அணையக்கூடாது. இதில் நுட்பமான ஒரு குறிப்பு உண்டு. சில பழைய வண்டிகளில், ஸ்ராட் செய்யும் வேளையில் ஒரு வழியாகவும் ஓடும் வேளையில் தடைக்கம்பி ஒன்றின் ஊடாக வேறொரு வழியாகவும் கொயிலுக்கு மின்சாரம் செல்கின்றது. திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் பற்றி, கையை எடுத்ததும் உடனே நின்றுவிடுமானால், அந்தத் தடைக்கம்பி அறுந்திருக்கின்றது, அல்லது சுவிச்சின் ஓட்ட நிலைத் தொடுகை தேய்ந்திருக்கின்றது என்று ஊகிக்கலாம்.

அடுத்து விளக்கின் முனையைக் கொயிலின் எதிர்முனைக்கு மாற்றி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். விளக்கு சிமிட்டினால் கொயிலின் மின்சாரம் முறையாக அறுபட்டு வருகின்றது என்பது பொருள். பொயின்ற்றோ இக்னைட்டரோ தன் கடமையைச் செய்கின்றது. கொயிலையும் அதற்கு அப்பால் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால், மின்சாரம் கொயிலைக் கடந்து வருகின்றது. ஆனால் சுவிச்சு மூடித் திறக்கவில்லை. பொயின்ற், பிக்அப், இக்னைட்டர் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். விளக்கு எரியவே இல்லையெனில், கொயிலின் முதற் சுற்று அறுந்திருக்கலாம். அல்லது எதிர்முனை வயர் எங்கேனும் உடற்பாகத்தைத் தொட்டு எர்த் ஆகியிருக்கலாம். எஞ்சினின் சுழல்வேகத்தைக் காட்டும் மானிக்குச் செல்லும் வயரும் இதே முனையில்தான் இணைந்துள்ளது. அந்த வயர் தோலுரிந்து தகரத்தைத் தொட்டாலும் தீப்பொறி இராது. அதனைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கணினி கட்டுப்படுத்தும் பிற்காலத்து வண்டிகளில், கணினிக்குச் செல்லும் வயர்களில் இத்தகைய இழை விளக்கைப் பயன்படுத்தலாகாது. அது இழுக்கும் மின்சாரம் கணினியைப் பழுதாக்கக்கூடும்.

அளவுகளைப் பொறுத்தவரையில், அந்தந்த வாகனத்தின் கைந்நூலே இறுதிச் சொல். பொயின்ற் இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். எண்பதுகளின் பல ரொயோட்டா எஞ்சின்களில் பிக்அப்பின் தடை 140 முதல் 180 ஓம் வரையிலும், காற்று இடைவெளி 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையிலும் இருக்கும். ஜெனரல் மோட்டர்ஸ் வண்டிகளின் பிக்அப்போ 500 முதல் 1,500 ஓம் வரை காட்டும். ஒரு வண்டிக்குரிய அளவை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்த்து நல்ல பாகத்தை எறிந்துவிடக்கூடாது. பிக்அப்பின் வயர், தோல் சிதையாமலேயே உள்ளே அறுந்திருப்பதும் உண்டு. அளக்கும்போது வயரைச் சற்று அசைத்துப் பார்த்தால், துள்ளும் இலக்கம் உண்மையைச் சொல்லிவிடும்.

வெப்பம் கொல்லும் பாகம்

இனி வளைகுடாவுக்கே உரிய விடயத்திற்கு வருவோம். இக்னைட்டர் தானும் வெப்பத்தை உண்டாக்கும் பாகம். அந்த வெப்பம் அது பொருத்தப்பட்டுள்ள உலோகத்தின் வழியே வெளியேற வேண்டும். இதற்கெனச் சிலிக்கன் பசை ஒன்று அதன் அடிப்பக்கத்தில் பூசப்படுகின்றது. பழைய ஷெவர்லே கப்றீஸ் முதலிய கார்களில் மொடியூலை மாற்றும் சிலர் இந்தப் பசையைப் பூசாமலே திருகாணியை முறுக்கிவிடுகின்றனர். புதிய மொடியூல் விரைவிலேயே எரிந்துபோவதற்கு இதுவே காரணமாகின்றது. குற்றம் பாகத்தின் மீது சுமத்தப்படுகின்றது.

வெப்பத்தினால் நின்றுபோகும் மொடியூல் சிறிய விடயமன்று. அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் 1983 முதல் பல இலட்சம் வாகனங்களில் பற்றவைப்பு மொடியூலை டிஸ்ரிபியூட்டரின் மீதே பொருத்தியது. எஞ்சினின் வெப்பத்தில் அது செயலிழந்து, ஓடும் வாகனத்தை வீதியில் நிறுத்திவிடுகின்றது என்று வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2000 ஆம் ஆண்டில் கலிபோர்னிய நீதிபதி ஒருவர், அம்மாநிலத்தில் 17 இலட்சம் வரையான வாகனங்களைத் திருப்பி அழைக்குமாறு உத்தரவிட்டார். 2001 இல் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. கலிபோர்னியாவிலேயே இப்படியெனில், குவைத்தின் யூலை மாதத்தில் அத்தகைய பாகத்தின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இக்னைட்டரைச் சந்தேகிப்பவர், வண்டி நின்றிருக்கும் வேளையிலேயே சோதனை விளக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வண்டி குளிர்ந்த நிலையில் கராஜை அடைந்தால், தலைமயிர் உலர்த்தும் கருவியால் இக்னைட்டரை மெல்லச் சூடேற்றி, சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நிலைத்து நிற்கின்றதா என்று அவதானிக்கலாம். கொயிலும் இவ்வாறே சூட்டில் அறுந்து, குளிரில் கூடும் இயல்புடையது. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தையே சூடேற்ற வேண்டும். இரண்டையும் ஒருங்கே சூடேற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ஈரமும் உப்பும்

வெப்பம் ஒன்றே வளைகுடாவின் துன்பமன்று. மாரிகாலக் காலைகளில் கடற்கரை நகரங்களை மூடும் பனிமூட்டம் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் நீர்த்துளிகளாகப் படிகின்றது. உப்பும் தூசும் அதனோடு சேர, உயர்ந்த மின்னழுத்தம் மூடியின் உட்புறத்தில் கோடு கிழித்து ஓடத் தொடங்கும். மயிரிழை போன்ற அந்தக் கரிக்கோடு ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், துடைப்பதால் பயனில்லை. மூடியை மாற்ற வேண்டியதே. பாரிசிலும் இலண்டனிலும் மழைக்காலக் காலையில் பற்ற மறுக்கும் பழைய கார்களின் கதையும் இதுவே. றோட்டரைத் துளைத்து அதன் நடுத்தண்டுக்குப் பாயும் தீப்பொறியும் இத்தகையது. றோட்டரின் அடிப்புறத்தில் உள்ள சிறு கருந்துளையை உற்றுப் பார்த்தாலன்றிக் காண இயலாது.

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் திகதி ஐக்கிய அரபு இராச்சியத்தில் பெய்த பெருமழையின்போது, அல் ஐன் பகுதியின் கத்ம் அல் சக்லாவில் 24 மணித்தியாலத்திற்குள் 254.8 மில்லிமீற்றர் பதிவாயிற்று. எண்ணற்ற வாகனங்கள் வெள்ளத்தில் நின்றுபோயின. வெள்ளத்தில் நின்ற வண்டியில் தீப்பொறியைத் தேடுவதற்கு முன்னர், சிலிண்டருக்குள் நீர் புகுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நீர் அழுத்தத்திற்கு உட்படாது. அந்நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் உள்ளுறுப்புகள் வளைந்து உடைந்துவிடும். 1994 முதல் 1996 வரையான கப்றீஸ் கார்களில் டிஸ்ரிபியூட்டர், தண்ணீர்ப் பம்பிற்கு நேர் கீழே எஞ்சினின் முன்பக்கத்தில் அமைந்திருந்தது. பம் கசிந்தால் முதலில் நனைவது அதுவே. அத்தகைய வண்டியில் தண்ணீர்ப் பம்பைத் திருத்தாமல் டிஸ்ரிபியூட்டரை மாத்திரம் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவதாகும்.

ஓர் உதாரணம்

எண்பதுகளின் ரொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அல் ஐன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓடுகின்றது. காலையில் குறையில்லை. நண்பகலில் நின்றுவிடுகின்றது. மாலையில் மீண்டும் ஓடுகின்றது. பிளக்குகளும் பெற்றோல் பம்பும் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டன.

நண்பகலில் வண்டி நின்றதும் சாரதி பிளக் சோதனையைச் செய்கின்றார். பொறி இல்லை. ஆகவே பெற்றோல் குற்றவாளியன்று. கொயில் வயரிலும் பொறி இல்லை. ஆகவே மூடியும் றோட்டரும் சந்தேகத்திலிருந்து நீங்குகின்றன. கொயிலின் நேர்முனையில் விளக்கு எரிகின்றது. சுவிச்சும் பியூசும் நீங்குகின்றன. எதிர்முனையில் விளக்கு எரிந்தபடியே நிற்கின்றது, சிமிட்டவில்லை. எஞ்சியவை பிக்அப்பும் இக்னைட்டரும். பிக்அப்பை அளந்தால் 160 ஓம் காட்டுகின்றது. காற்று இடைவெளியும் சரி. அப்படியாயின் இக்னைட்டரே காரணமென்று கொள்ளலாம். அரை மணி நேரம் குளிர்ந்ததும் விளக்கு சிமிட்டத் தொடங்குகின்றது, முடிவு உறுதியாகின்றது. ஐந்து சோதனைகள், ஒரு பாகம். முன்னர் மாற்றப்பட்ட பிளக்குகளுக்கும் பம்பிற்கும் செலவான பணம் தேவையற்ற செலவு என்பதும் இப்போது தெளிவாகின்றது.

பாகம் வாங்கும்போது

கண்டறிந்த பின்னரும் கவனம் தேவை. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகளில் அடைக்கப்பட்ட போலிப் பாகங்கள் வளைகுடாச் சந்தைகளில் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. விலை மிகக் குறைந்த புதிய இக்னைட்டரை விட, அதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய பழைய அசற் பாகம் நம்பகமாக அமைவதுண்டு. பழைய பாகத்தை வாங்கும்போது கடைக்காரருடன் மாற்றித்தரும் உடன்பாட்டை முன்னரே பேசிக்கொள்வது நன்று. பாக இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொடியூலுக்குரிய சிலிக்கன் பசையையும் சேர்த்து வாங்க வேண்டும். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருமாறு கராஜில் கேட்பது உரிமையாளரின் உரிமை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வீதியில் நின்றுவிட்டால்

இதுவரை கூறியவை அனைத்தும் நிழலும் நேரமும் உள்ளவருக்கே. பாலைவன வீதியில் நின்றவருக்கு உயிரே முதலாவது. மஸ்கற்றிலிருந்து சலாலா வரையான பாதை ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் நீளமானது. அதன் பெரும்பகுதி வெறும் பாலைவனம். அபுதாபியிலிருந்து சவூதி எல்லைக்குச் செல்லும் வீதியில் கனரக வாகனங்கள் பெரும் வேகத்தில் விரைகின்றன. வண்டியை வீதியோரத்திற்கு ஒதுக்கி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, பயணிகளை வாகன ஓட்டத்திலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் காவற்றுறையை 999 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆளரவமற்ற பாதையில் வண்டியை விட்டு உதவி தேடி நடப்பது ஆபத்தானது. தேடி வருபவர்களுக்கு மனிதரை விட வண்டியே எளிதில் தென்படும். கோடையில் பழைய வண்டியோடு புறப்படுபவர், ஆளொருவருக்குப் பல லீற்றர் குடிநீர் இல்லாமல் நகர எல்லையைக் கடக்கக்கூடாது.

ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டமே யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் திறந்தவெளி வேலை செய்வதைத் தடைசெய்கின்றது. தொழிலாளியைக் காக்க ஏற்பட்ட அந்த விதியை, பொனற்றைத் திறந்து குனிந்து நிற்கும் வண்டிச் சொந்தக்காரரும் தமக்கென்று கொள்ள வேண்டும். தீப்பொறி இருக்கின்றதா என்ற ஒரு சோதனையை மாத்திரம் அவ்விடத்தில் செய்து முடிவைக் குறித்துக்கொண்டால் போதும். ஏனைய வேலைகள் நிழலுக்கு வந்த பின்னர் நடக்கட்டும். "நின்ற வேளையில் பொறி இருக்கவில்லை" என்று சாரதி கராஜில் சொல்லும் அந்த ஒரு வாக்கியமே, பெற்றோல் பக்கம் வீணாகத் தேடுவதைத் தடுத்துவிடும்.

பொயின்றும் டிஸ்ரிபியூட்டரும் மறைந்து வருகின்றன. இன்றைய பெற்றோல் வண்டிகளில் பெரும்பாலும் பிளக்கொன்றுக்குத் தனிக் கொயில் உண்டு. கணினி அவற்றை ஆள்கின்றது. ஆயினும் மின்சாரம் வருகின்றதா, அது உரிய வேளையில் அறுபடுகின்றதா, பொறி பாய்கின்றதா என்ற மூன்று கேள்விகளும் அவற்றின் ஒழுங்கும் மாறவில்லை. பெற்றோலும் பாகங்களும் இல்லாத காலத்தில் எமது கராஜ்களில் பழகிய இந்த ஒழுங்கை, இரண்டும் மலிந்து கிடக்கும் நாடுகளில் தொழில் பழகும் எமது இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிலறிந்தவரின் கைக்கு அடையாளம் அவர் மாற்றிய பாகங்களின் எண்ணிக்கையன்று. மாற்றத் தேவையில்லை என்று அவர் விட்டுவைத்த பாகங்களே.